ஆரணி நெசவும் அரசாவணங்களும்: தேடும் நெறியும் கேட்கும் முறையும்

1. முன்னுரை

தடுத்தாட்கொண்ட புராணத்தில் சேக்கிழார் காட்டும் வழக்குத் தமிழிலக்கியம் பயில்வார் அனைவரும் அறிந்ததொன்று. நம்பியாரூரரைத் தம் அடிமை என்று உரிமை கூறிவந்த முதியவரின் கையிலிருந்த ஓலையை மணமகன் பறித்துக் கிழித்தெறிந்தார். திருவெண்ணெய்நல்லூர் அவையின்கண், கிழிபட்டது படியோலையே என்று கூறிய முதியவர், மூலவோலையை எடுத்துக் காட்டினார். அவையத்தார் அதனைப் படித்ததோடு அமைந்தாரல்லர். பாட்டனார் கைப்பட எழுதிய வேறோர் ஓலையை வருவித்து, எழுத்தோடு எழுத்தை ஒப்பு நோக்கிய பின்னரே தீர்ப்புக் கூறினர். மூலமும் படியும் வேறு என்பதும், ஆவணம் ஓரிடத்தில் காப்புற்றிருத்தல் வேண்டும் என்பதும், வேண்டியபோது அதனைக் கொணர்வித்து நோக்குதற்கு வழி இருத்தல் வேண்டும் என்பதும் அக்காலத்தே உணரப்பட்டிருந்தன என்பதற்கு இப்பகுதி சான்றாகும். சோழர் கல்வெட்டுகளிற் காணப்பெறும் புரவுவரித் திணைக்களம், வரிப்பொத்தகம், ஆவணக்களரி முதலிய சொற்களும் இக்கருத்தையே வலியுறுத்துகின்றன.

கல்வெட்டையும் ஓலைச்சுவடியையும் தேடிச்செல்லும் நம் மாணவர், வட்டாட்சியர் அலுவலகத்தின் பதிவறையைத் தேடிச்செல்வதில்லை. நெசவாளர் வாழ்வு பற்றியும் ஊர்ப்பெயர் பற்றியும் ஆராய்வோர் வாய்மொழிச் செய்திகளைத் தொகுத்தவுடன் தேடல் முடிந்ததெனக் கருதிவிடுகின்றனர். அரசு அலுவலகங்களில் உள்ள ஆவணங்களை எங்குத் தேடுவது, எவ்வாறு கேட்டுப் பெறுவது என்பதை ஆரணி நகரை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆரணியைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. இன்று ஆரணி என்றவுடன் பட்டே நினைவுக்கு வருகின்றது. ஆனால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் எழுதிய குறிப்புகளில் இவ்வூர் மஸ்லின் என்னும் மெல்லிய பருத்தித் துணிக்கே பெயர்பெற்றதாகக் காணப்படுகின்றது. பருத்தி நெய்த தறியிற் பட்டு ஏறியது எப்போது? நெய்தவர் அவர்தாமா, பிறரா? தறியின் உறுப்புகளுக்கும் தொழில்களுக்கும் வழங்கிய சொற்கள் இம்மாற்றத்தின்போது நிலைத்தனவா, புதியன புகுந்தனவா? இவ்வினாக்களுக்கு முதியோர் நினைவு மூன்று தலைமுறைக்கு மேல் விடை தருவதில்லை. அதற்கு அப்பாற் செல்ல வேண்டுவோர்க்கு ஆவணமே துணை.

2. ஆவணம் இருக்கும் இடம்

ஆவணத்தைத் தேடுவோர் முதற்கண் அறிய வேண்டுவது, குறித்த காலத்தில் அவ்வூர் எந்த ஆட்சிப் பிரிவில் அடங்கியிருந்தது என்பதாகும். ஆவணம் ஊரைப் பின்பற்றிச் செல்வதில்லை. அதனை உருவாக்கிய அலுவலகத்தையே பின்பற்றிச் செல்கின்றது. இவ்வுண்மையை உணராதார் சரியான வினாவைத் தவறான வாயிலில் நின்று கேட்பர்.

கமண்டல நாகநதிக் கரையிலுள்ள ஆரணி, நெடுங்காலம் ஒரு ஜாகீரின் தலைமையிடமாக விளங்கியது. 1751-ஆம் ஆண்டில் இராபர்ட்டு கிளைவும், 1782-ஆம் ஆண்டில் அயர் கூட்டும் ஐதர் அலியும் போரிட்ட களங்களுள் இதுவும் ஒன்றாதலின், கும்பினியாரின் படைத்துறைக் குறிப்புகளிலும் இதன் பெயர் பயில்கின்றது. கும்பினி ஆட்சி நிலைபெற்ற பின்னர் வடஆர்க்காட்டு மாவட்டத்தில் இவ்வூர் அடங்கிற்று. அம்மாவட்டத்தின் தலைநகர் அன்று சித்தூர். 1911-ஆம் ஆண்டிற் சித்தூர் தனி மாவட்டம் ஆன பின்னர், வடஆர்க்காட்டுக்கு வேலூர் தலைநகராயிற்று. 1989-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் வடஆர்க்காடு இரண்டாகப் பிரிக்கப்பட, ஆரணி திருவண்ணாமலை மாவட்டத்தைச் சார்ந்தது.

ஆகவே, 1989-க்குப் பிற்பட்ட மாவட்டக் கோப்புகளைத் திருவண்ணாமலையிலும், அதற்கு முற்பட்டவற்றை முதலில் வேலூரிலும், நூற்றாண்டுப் பழமை உடையனவற்றைச் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் தேடுதல் முறையாகும். 1909-ஆம் ஆண்டிற் கட்டி முடிக்கப்பெற்ற அச்செந்நிறக் கட்டடத்தில் சென்னை ஆவண அலுவலகம் என்னும் பெயரோடு இயங்கிய அந்நிறுவனம், 1973-ஆம் ஆண்டு முதல் இப்பெயரால் வழங்குகின்றது. மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களின் பழைய ஏடுகளும் வருவாய் வாரிய நடவடிக்கைகளும் அங்குள்ளன. பல்கலைக்கழகத்தின் பரிந்துரைக் கடிதத்துடன் இசைவு பெற்று அவற்றைப் பார்வையிடலாம். அங்குச் செல்லுமுன், ஆர்தர் காக்சு 1881-இல் தொகுத்து, எச். ஏ. சுடூவர்ட்டு 1890-களில் திருத்தி வெளியிட்ட வடஆர்க்காட்டு மாவட்டக் கையேட்டைப் படித்துக்கொள்ளுதல் நன்று. எவ்வாண்டில் எந்நிகழ்ச்சிக்கு ஆவணம் இருத்தல் கூடும் என்னும் உய்த்துணர்வை அந்நூல் தரும்.

ஊர்ப்பெயர் பற்றியும் ஓர் எச்சரிக்கை வேண்டும். பொன்னேரிப் பக்கத்தில், திருவள்ளூர் மாவட்டத்தில், ஆரணி என்னும் பெயருடைய வேறோர் ஊர் உள்ளது. அங்கு ஓடும் ஆறும் அப்பெயராலேயே வழங்குகின்றது. பழைய ஆங்கில ஏடுகளில் நம் ஊரின் பெயர் 'ஆர்னி' என்றும் 'ஆர்ணீ' என்றும் பலவாறாக எழுதப்பட்டுள்ளமையின், பொருளடைவில் ஓர் எழுத்து வடிவை மட்டும் நோக்கி, 'இல்லை' என்று திரும்பிவிடுதல் கூடாது.

3. அலுவலகங்களும் பதிவேடுகளும்

நிலம் பற்றிய ஆவணங்கள் வருவாய்த் துறையில் உள்ளன. கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கலும் சிட்டாவும், வட்டாட்சியர் அலுவலகத்தில் அ-பதிவேடும் புல வரைபட ஏடும், பழைய நிலவரித் திட்டப் பதிவேடும் காணப்படும். நகர நில அளவை நிகழ்ந்த பகுதிகளில் வார்டு, பிளாக்கு, நகர அளவை எண் என்னும் வரிசையில் தனிப் பதிவேடு உண்டு; பழைய புல எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் ஒப்புமைப் பட்டியலையும் உடன் கேட்டல் வேண்டும். அஃதின்றேல், ஒரு நெசவுத் தெருவின் வரலாறு எண் மாறிய இடத்தில் அறுந்துவிடும்.

இவ்வேடுகள் பசலி ஆண்டில் எழுதப்படுவன. பசலி, சூலை முதல் நாளில் தொடங்கும். கிறித்து ஆண்டிலிருந்து 590-ஐக் கழிக்க, அவ்வாண்டு சூலையில் தொடங்கும் பசலி கிடைக்கும். பசலி 1390 என்பது 1980 சூலை முதல் 1981 சூன் முடிய உள்ள காலமாகும். இப்பசலி ஆய்வாளர்க்கு இன்றியமையாதது. ஏனெனில் 1980-ஆம் ஆண்டு நவம்பரில் கணக்குப்பிள்ளை, மணியக்காரர் முதலிய பழைய ஊர்ப் பதவிகள் ஒழிக்கப்பட்டன. வழிவழியாக ஒரு குடும்பத்தார் கையிலிருந்த கணக்குகள் கைம்மாறிய காலம் அது. அதற்கு முற்பட்ட கணக்குகளின் சொல்லாட்சியும், பிற்பட்டவற்றின் சொல்லாட்சியும் ஒப்பிட்டு ஆராயத்தக்கன.

மனை, வீடு, கடன் ஈடு ஆகியவை பற்றிய செய்திகள் சார்பதிவாளர் அலுவலகத்தில் உள்ளன. 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 57-ஆம் பிரிவு நம் மாணவர் நன்கு அறிய வேண்டுவதாகும். அசையாச் சொத்து ஆவணங்கள் படியெடுக்கப்பெறும் முதற் புத்தகத்தையும் அதன் அடைவுகளையும், கட்டணம் செலுத்தி யார் வேண்டுமாயினும் பார்வையிடலாம். சான்றிட்ட படியும் பெறலாம். முதலாம் அடைவு ஆட்பெயராலும், இரண்டாம் அடைவு இடத்தாலும் அமைந்தன. விருப்பாவணங்களுக்குரிய மூன்றாம் புத்தகமும், பிறவற்றுக்குரிய நான்காம் புத்தகமும் இவ்வாறு எல்லார்க்கும் திறந்தன அல்ல. தறியுடன் வீட்டை ஈடு வைத்த பத்திரங்கள், பாகப்பிரிவினைப் பத்திரங்கள் முதலியன நெசவாளர் குடும்பங்களின் ஏற்றத் தாழ்வைக் காட்டுவன; அவற்றின் தமிழ் நடையோ தனி ஆய்வுக்கு உரியது.

4. கோப்பெண்ணின் மொழி

ஓர் அலுவலகத்தில் ஒரு கோப்பு இன்றும் இருக்கின்றதா என்பதை அதன் எண்ணே பெரும்பாலும் சொல்லிவிடும். வருவாய்த் துறைக் கோப்பு முடிவு பெறும்போது, எத்துணைக் காலம் அது காக்கப்பட வேண்டும் என்பதற்கேற்ப ஒரு குறி பெறுகின்றது. ஓ.மு. என்பது ஓராண்டு முடிவு, மூ.மு. மூன்றாண்டு முடிவு, ப.மு. பத்தாண்டு முடிவு, நி.மு. நிரந்தர முடிவு. குறித்த காலம் கழிந்தபின் முதல் மூவகைக் கோப்புகளும் அழிக்கப்படுதற்கு உரியன. நடப்பிலுள்ள கோப்பின் ந.க. எண்ணுடன் வரும் எழுத்தும் இலக்கமும், அதனைக் கையாளும் பிரிவையும் இருக்கையையும் குறிக்கும்.

கோப்பெண் தெரியாதபோது பகிர்மானப் பதிவேட்டைக் கேட்டல் வேண்டும். அலுவலகத்திற்கு வந்த தாள் ஒவ்வொன்றும் எந்நாளில் எவ்விருக்கைக்கு அனுப்பப்பட்டது என்பது அதில் இருக்கும். அதன்பின் அவ்விருக்கைக்குரிய தன்பதிவேட்டில், அத்தாள் எவ்வாறு முடிவுற்றது என்பதைக் காணலாம். சுவடி ஆய்வாளர்க்கு நூலடைவு எவ்வாறோ, அலுவலக ஆய்வாளர்க்கு இவ்விரு பதிவேடுகளும் அவ்வாறாம்.

இதனை நாம் இழப்பின் வாயிலாகவே கற்றோம். நெசவாளர் சிலர் நூல் விலை உயர்வு குறித்து அளித்த விண்ணப்பங்கள் அடங்கிய கோப்பொன்றை நாடி நம் மாணவர் ஒருவர் முயன்றார். கோப்பின் எண்ணையும் அறிந்திருந்தோம். ஆய்வேட்டின் பிற இயல்களை முடித்த பின்னர்க் கேட்கலாம் என்று நாமே அவருக்குக் கூறினோம். கேட்டபோது, அது மூ.மு. கோப்பு என்றும், முறைப்படி முந்தைய ஆண்டே அழிக்கப்பட்டது என்றும் மறுமொழி வந்தது. அலுவலகத்தார் விதிப்படி நடந்தனர், பிழை நம்முடையது. நெசவாளர் தம் சொற்களால், தம் கையால் எழுதிய தாள்கள் அவை. ஆய்வில் அவ்வியல் இன்றும் வெற்றிடமாகவே உள்ளது.

5. கேட்கும் முறை

அரசாவணங்களைக் காணும் உரிமை உலகில் நெடிய வரலாறு உடையது. சுவீடன் நாடு 1766-ஆம் ஆண்டிலேயே அதனைச் சட்டமாக்கிற்று. நம் நாட்டில் இவ்வுரிமைக்கு வலிவூட்டியவர் கற்றோர் மட்டும் அல்லர். இராசத்தானத்தில் கூலி வேலை செய்த உழவரும் தொழிலாளரும், தம் பெயர் எழுதப்பட்ட வருகைப் பட்டியலைக் காட்டுமாறு கேட்டு 1990-களிற் போராடினர். தமிழ்நாடு 1997-ஆம் ஆண்டில், இந்திய மாநிலங்களுள் முதலாவதாக, தகவல் உரிமைக்குச் சட்டம் இயற்றியது. நாடு முழுமைக்கும் உரிய தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள் முதல் முழு நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி, உரிய அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலர்க்குத் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். கட்டணம் பத்து ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டியும் செலுத்தலாம். ஏன் கேட்கிறோம் என்னும் காரணத்தைக் கூற வேண்டுவதில்லை. படி ஒன்றுக்குப் பக்கத்திற்கு இரண்டு ரூபாய். விடை 30 நாட்களுக்குள் வருதல் வேண்டும். வேறோர் அலுவலகத்திற்கு உரிய விண்ணப்பமாயின், பெற்றவரே அதனை ஐந்து நாட்களுக்குள் அவ்வலுவலகத்திற்கு மாற்றி அனுப்புதல் கடமை. விண்ணப்பத்தின் படியையும், நேரில் கொடுத்ததற்குரிய ஒப்புகையையோ அஞ்சல் ஒப்புகையையோ காத்து வைத்தல் வேண்டும். பின்வரும் மேல்முறையீட்டிற்கு அவையே சான்று.

இனி, விண்ணப்பத்தின் சொல்லமைப்பைக் காண்போம். பெரும்பாலான விண்ணப்பங்கள் வீணாவது இங்கேதான். ஆரணி வட்டாரத்திற் கைத்தறிகள் குறைந்தமைக்குக் காரணங்கள் யாவை என்று நாம் ஒருகால் ஓர் அலுவலகத்தைக் கேட்டோம். அவ்வாறான விவரம் பேணப்படவில்லை என்று இரு வரியில் விடை வந்தது. அவ்விடை முறையானதே. இச்சட்டத்தில் தகவல் என்பது, பதிவாகி உள்ள ஒன்று. இல்லாததைத் தொகுத்தோ ஆராய்ந்தோ தருதல் அலுவலரின் கடமை அன்று என்பதை உச்ச நீதிமன்றம் 2011-ஆம் ஆண்டில் ஆதித்திய பந்தோபாத்தியாயா வழக்கில் தெளிவாக்கியுள்ளது. காரணம் காணுதல் ஆய்வாளர் தொழில். ஏட்டைக் காட்டுதலே அலுவலர் தொழில்.

ஆகவே, கேள்வியாக எழுதாது, ஆவணத்தின் பெயராக எழுதுக. எடுத்துக்காட்டாக, ஒரு வருவாய்க் கிராமத்தின் பெயரைக் குறித்து, 'இக்கிராமத்தின் பசலி 1389, 1390, 1391 ஆகிய மூன்று ஆண்டுகளுக்குரிய அடங்கலைப் பார்வையிட இசைவும், அதன்பின் யாம் குறிக்கும் பக்கங்களின் சான்றிட்ட படியும் வேண்டும். அவை அழிக்கப்பட்டிருப்பின், அழிப்பு ஆணையின் படியும் அழிப்புப் பதிவேட்டின் உரிய பக்கமும் வேண்டும்' என்று எழுதலாம். ஆவணத்தின் பெயர், இடம், காலம், வேண்டும் முறை ஆகிய நான்கும் இவ்வாக்கியத்தில் உள்ளன. இறுதித் தொடர் மிக வேண்டற்பாலது. 'கிடைக்கவில்லை' என்னும் விடைக்கும் 'அழிக்கப்பட்டது' என்னும் விடைக்கும் வேறுபாடு பெரிது. முன்னது தேடுதற்கு இடந்தருவது. பின்னது நாளும் ஆணையும் காட்ட வேண்டுவது.

பார்வையிடும் உரிமையைப் பலர் பயன்படுத்துவதில்லை. படி மட்டும் கேட்போர், தாம் அறிந்ததையே பெறுவர். நேரில் ஏட்டைப் புரட்டுவோர், தாம் அறியாததையும் காண்பர். அடங்கலின் குறிப்புப் பத்தியில் எழுதப்பட்ட ஒரு சொல், பாவு விரிக்கும் பொது இடத்தைக் காட்டுதல் கூடும். அதனைக் கேட்டுப் பெற இயலாது, கண்டே பெற இயலும்.

6. மறுப்பும் மேல்முறையீடும்

விடை வாராதபோதோ, மறுக்கப்பட்டபோதோ, 30 நாட்களுக்குள் அத்துறையின் மேல்முறையீட்டு அலுவலர்க்கு முறையிடலாம். அவர் 30 நாட்களுக்குள், காரணங்காட்டி நீட்டித்தால் 45 நாட்களுக்குள், முடிவு கூறுதல் வேண்டும். அதன்பின் 90 நாட்களுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்திடம் இரண்டாம் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணமின்றிக் காலந்தாழ்த்திய அலுவலர்க்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை ஆணையம் தண்டம் விதிக்கலாம்.

8-ஆம் பிரிவு, மறுத்தற்குரிய காரணங்களைக் கூறுகின்றது. வரலாற்று ஆய்வாளர் அதன் மூன்றாம் உட்பிரிவை நினைவிற் கொள்ளல் வேண்டும். விண்ணப்ப நாளுக்கு இருபது ஆண்டுகட்கு முன்னர் நிகழ்ந்தன பற்றிய தகவல்களுக்கு, நாட்டின் பாதுகாப்பு, சட்டமன்ற உரிமை, அமைச்சரவைத் தாள்கள் ஆகியவை பற்றிய விலக்குகள் நீங்கலாகப் பிற விலக்குகள் பொருந்தா. தனியார் வாழ்வு பற்றிய விலக்கை 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மாற்றியமைத்து, முன்னிருந்த வரையறைகளை நீக்கிவிட்டது. ஆயினும், பொதுநலம் மேம்படுமிடத்துத் தகவல் தரலாம் என்னும் பொது விதி 8-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவில் உள்ளது. உயிரோடிருக்கும் நெசவாளரின் கடனையும் வழக்கையும் பெயருடன் வெளியிடுதல், சட்டம் இசைந்தவிடத்தும் ஆய்வு அறத்திற்கு ஒவ்வாது.

7. கூட்டுறவுச் சங்க ஏடுகள்

நெசவு பற்றிய ஆய்வில் தலைமை வாய்ந்தவை கூட்டுறவுச் சங்கங்களின் ஏடுகள். உறுப்பினர் பதிவேடும், பட்டு நூல், சரிகை வழங்கிய கணக்கும், கூலிப் பட்டியலும் தொழிலின் உயிர்நிலைகள். சங்கம் பொது அதிகார அமைப்பா என்னும் ஐயம் இங்கு எழும். தலப்பாலம் கூட்டுறவு வங்கி வழக்கில் 2013-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், அரசின் கணிசமான நிதியுதவியோ ஆளுகையோ மெய்ப்பிக்கப்படாதவிடத்துக் கூட்டுறவுச் சங்கம் இச்சட்டத்தின் நேர் எல்லைக்குள் வாராது என்று கூறியது. ஆனால், பதிவாளர் பொது அதிகாரி ஆவார் என்பதையும், சட்டப்படி அவர் சங்கத்திடமிருந்து பெறத்தக்க தகவலை அவர் வழியே பெறலாம் என்பதையும் அத்தீர்ப்பே கூறுகின்றது. தமிழ்நாட்டு நெசவாளர் சங்கங்களுக்குப் பதிவாளர் பொறுப்பை வகிப்பது கைத்தறித் துறையாகும். ஆதலின், தணிக்கை அறிக்கை முதலியவற்றை அத்துறையின் அலுவலகத்திற் கேட்டல் முறை. சங்கத்தின் மூல ஏடுகளைக் காண வேண்டின், சங்கத்தாரின் நல்லெண்ணத்தை நாடுதலே சிறந்த வழி. சட்டம் திறவாத கதவைப் பணிவு திறத்தல் உண்டு.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், ஆவணம் உருவாகிய அலுவலகத்தை முதலில் அறிதல், பதிவேட்டின் பெயரையும் பசலியையும் குறித்தல், கோப்பெண்ணின் குறியால் அதன் வாழ்நாளைக் கணித்தல், வினாவைத் தவிர்த்து ஆவணத்தையே கேட்டல், மறுப்பின்கண் உரிய காலத்துள் முறையிடல் ஆகியவை ஆய்வாளர்க்கு வேண்டிய நெறிகள் என்பது விளங்கும்.

கல்லெழுத்து ஆயிரம் ஆண்டு நிற்கும், ஓலை சில நூற்றாண்டு நிற்கும், மூ.மு. கோப்பு மூன்றாண்டே நிற்கும். பழமையுடையவற்றை நாம் விரைந்து தேடுகின்றோம். விரைந்து அழிவனவற்றை நாளை தேடலாம் என்று விடுகின்றோம். இம்முறை தலைகீழாதல் வேண்டும். நெசவாளர் ஒருவர் தம் குறையை எழுதிக் கொடுத்த ஒற்றைத் தாளில், இலக்கியம் பதிவு செய்யாத தமிழ் உள்ளது. ஒரு தொழில் மாறிய கதையும் உள்ளது. ஆய்வேட்டின் முதல் இயலை எழுதத் தொடங்குமுன், பத்து ரூபாய் வில்லை ஒட்டிய விண்ணப்பம் ஒன்றை ஒவ்வொரு மாணவரும் அனுப்பிவிடுவாராயின், நம் மாணவர்க்கு நேர்ந்த இழப்புப் பிறர்க்கு நேராதொழியும்.